அந்தத் தைலப் பாட்டிலைக் கைக்கு எட்டாமல் வையுங்கள்

இந்த மழைக்காலத்தில் தைலம் வயிற்றுக்குள் போய் வந்த மூன்றாவது குழந்தை இது. இன்று காலைதான் டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தேன்.

முந்தாநாள் இரவு அப்பாவின் தோளில் துவண்டு கிடந்தாள், இரண்டரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கும், உடனே சொருகிக்கொள்ளும். தரையில் விட்டால் கால் நிற்கவில்லை. என்ன ஏது என்று கேட்கும் முன்பே வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. குனிந்தால் குழந்தையின் மூச்சிலேயே நீலகிரித் தைலம்.

"சளி நெஞ்சுல கட்டிக்கிச்சுங்க டாக்டர். ஒரு ஸ்பூன் தேன்ல குழைச்சுக் குடுத்தேன். இலையில இருந்து எடுக்கறதுதானுங்களே, என்னங்க பண்ணிரும்?" என்றார் பாட்டி. பேத்தி மேல் உயிரையே வைத்திருப்பவர்.

கோவையில் குழந்தைகள் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த "இலைதானே" என்ற சொல்லைக் கேட்டால் இப்போதெல்லாம் பதறுகிறது. இலை வேறு, தைலம் வேறு. நூறு கிலோ யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சி வடித்தால் ஒன்று, ஒன்றரை லிட்டர் எண்ணெய்தான் தேறும். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. கிட்டத்தட்ட அரைக் கிலோ இலையின் சாரம் அதில் இருக்கிறது. அரைக் கிலோ இலையை அரைத்துக் குழந்தைக்குப் புகட்டுவீர்களா? நல்ல தைலத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் சினியோல் என்ற வாசனைப் பொருள்தான். யூகலிப்டால் என்பதும் அதுவேதான். உங்கள் வீட்டு ஏலக்காயிலும் அது உண்டு. பாயசத்தில் இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அளவுதான் விஷயம். சிறு குழந்தைக்கு 2, 3 மில்லியே மயக்கம் கொடுக்கும். 5 மில்லியைத் தாண்டினால் வலிப்பு, கோமா வரை போகலாம்.

குழந்தையின் அப்பா ஐசியூ வாசலில் போனை நீட்டினார். யூகலிப்டால் கஞ்சாவிலும் இருக்கிறது என்று அதில் படித்திருக்கிறார். "அப்போ என் பொண்ணுக்கு ஏறியிருக்கிறது கஞ்சா போதையா சார்?" கண் கலங்கியிருந்தது. இல்லை. கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேறு பொருள். கஞ்சாவின் வாசனைக்குக் காரணம் டெர்பீன்கள் என்ற மணப் பொருள்கள். அந்தச் செடியில் நூற்றுக்கு மேல் உண்டு. எலுமிச்சைத் தோலின் லிமோனீன், கொத்தமல்லி விதையின் லினலூல் எல்லாம் அதே குடும்பம், அதே செடியிலும் இருப்பவை. அதே குடும்பத்து யூகலிப்டால் கஞ்சாவில் துளியளவுதான். நம் வீட்டு அலமாரி பாட்டிலிலோ அது நிரம்பி நிற்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாட்டிலைப் பார்த்துப் பயப்படுங்கள்.

சூடம் இன்னும் மோசம். அதுவும் இதே வகையறாதான். ஒரு கிராம் சூடம் ஒரு சிறு குழந்தையின் உயிரையே எடுத்துவிடலாம். வலிப்பு சில நிமிடங்களில் வரும். பூஜைத் தட்டில் கற்கண்டும் சூடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வீடுகளை நினைத்தாலே எனக்குத் திக்கென்கிறது.

அப்புறம், மூக்கடைப்புக்கு மூக்கின் கீழே தைலம் தடவும் பழக்கம். தடவினால் குளுகுளுவென்று இருக்கும், மூக்கு திறந்த மாதிரி தோன்றும். தோன்றுவது மட்டும்தான். புதினா வகையில் இருக்கும் குளுகுளுப் பொருளான மென்தாலை வைத்து இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். காற்று போகும் அளவு மாறவில்லை. கைக்குழந்தைக்கோ அந்தக் காரத்தில் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடும் ஆபத்து உண்டு. இரண்டு வயதுக்குள் மூக்கிலும் முகத்திலும் எந்தத் தைலமும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும். கழுத்தில் சூட முடிச்சும் கட்டாதீர்கள். அவிழ்ந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

ஊட்டியிலிருந்து வாங்கி வந்த பாட்டிலை இருமல் சிரப் பக்கத்தில் வைக்காதீர்கள். கரண்ட் போன இரவில் மாற்றி ஊற்றிய கதை இந்த மூன்றில் ஒன்று. பழைய சிரப் பாட்டிலில் தைலத்தை ஊற்றி வைக்கவே கூடாது.

குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். வாந்தி வந்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும், அதைச் சரிசெய்வது எங்களுக்குப் பெரும்பாடு. வாயைத் துடைத்துவிட்டு உடனே கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். "நல்லாத்தான விளையாடுது" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 4 மணி நேரம் கழித்துக்கூட மயக்கம் வரலாம். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. மூச்சைப் பார்த்துக்கொண்டு, வலிப்பு வந்தால் அடக்கிக்கொண்டு, காத்திருப்போம்.

பாட்டிகளுக்கும் அம்மாக்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது குழந்தையின் வீட்டில் ஒரு மணி நேரம் வரை "எதுவும் குடுக்கலைங்க" என்றே சொன்னார்கள். நாங்கள் மூளைக்காய்ச்சலோ என்று தலை ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். திட்டுவோம் என்று பயந்திருக்கிறார்கள். யாரும் திட்ட மாட்டோம் அம்மா. என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, இதை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள்.