ஜூனியர் கேஜி டீச்சர் எங்கே வளர்வது?

மும்பை தாராவியில் ஒரு பால்வாடி, அப்புறம் பக்கத்துப் பகுதியான சயானில் ஒரு சிறிய பள்ளியில் ஜூனியர் கேஜி. இப்படி 19 வருடங்கள் சின்னக் குழந்தைகளோடு இருந்திருக்கிறேன். இப்போது சனிக்கிழமைகளில், புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குப் பயிற்சி தருகிறேன். பலரும் பன்னிரண்டாவது முடித்தவர்கள், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பை வந்த குடும்பத்தவர்கள். "இன்னும் அஞ்சு வருஷத்துல என்னவா இருக்கணும்னு நினைக்கிறே?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "பெரிய கிளாஸுக்குப் போயிடணும்க்கா."

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்பு டீச்சருக்குச் சம்பளம் அதிகம், மரியாதையும் அதிகம். "பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட என்ன பெரிய படிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று சொந்த வீட்டிலேயே கேட்பார்கள். ஆனாலும் அந்தப் பதில் எனக்கு வலிக்கும். சின்னக் குழந்தைகளை விட்டு விலகிப் போவதுதான் வளர்ச்சி என்று நாம் நம்பினால், அந்தக் குழந்தைகளுக்கு எப்போதும் புதியவர்கள்தானே கிடைப்பார்கள்?

நான் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் நெல்லைத் தமிழ், சந்தில் இந்தி, வகுப்பில் மாவுஷி (ஆயாம்மா) பேசுவது மராத்தி, நான் பேசியது இங்கிலீஷ். ஜூனில் சேர்ந்தவன் தீபாவளி வரை வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவன் ரிப்போர்ட்டில் 'மந்தம்' என்று எழுதினேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "வீட்டுல இங்கிலீஷ்ல பேசுங்க" என்றேன். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. டீச்சர் சொல்லிவிட்டாரே என்று, பிள்ளையோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

சில வருடங்கள் கழித்து ஒரு பயிற்சியில்தான் விஷயம் தெரிந்தது. புது மொழிக்குள் வரும் குழந்தை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பேசாமல் இருக்கலாம். அப்போது அது கேட்டுக்கொண்டிருக்கிறது, சேர்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டு மொழி வலுவாக இருந்தால்தான் அதன் மேல் அடுத்த மொழி நிற்கும். பயிற்சி முடிந்த அன்றே அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். கோலியை (குடியிருந்த அறையை)க் காலி செய்துவிட்டுக் கல்யாண் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள்.

அந்த ஒரு விஷயம் எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் ஓர் அம்மா தன் பிள்ளையோடு பேசுவதைக் குறைத்திருக்க மாட்டார். அதனால்தான் சொல்கிறேன், ஜூனியர் கேஜி டீச்சரின் வளர்ச்சி என்பது, எதிரே இருக்கும் குழந்தையைப் போன வருடத்தைவிட இந்த வருடம் சரியாகப் பார்க்கத் தெரிவது.

அதற்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு நாளைக்கு இரண்டு குழந்தைகள், ஆளுக்கு மூன்று வரி. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'அடம் பிடிக்கிறாள்' என்பது நம் முடிவு. 'ஷூவைக் கழற்றச் சொன்னதும் கதவோரம் போய் நின்றாள், 4 நிமிடம் அசையவில்லை' என்பதுதான் பார்த்தது. என் வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தாள். மூன்று வாரக் குறிப்பைச் சேர்த்துப் படித்தபோது, அடித்ததெல்லாம் டப்பாவைத் திறந்து சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால்தான் என்று தெரிந்தது. அம்மா விடிகாலையிலேயே வீட்டுவேலைக்குப் போய்விடுவதால் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்துகொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து வந்தவுடன் இரண்டு பிஸ்கட் கொடுத்தோம். அடிப்பது வெகுவாகக் குறைந்தது.

சரி, படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 வயது முதல் 8 வயது வரை ஒரே கட்டமாக வைத்திருக்கிறது. பால்வாடியும் இரண்டாம் வகுப்பும் ஒரே அடித்தளத்தில் வருகின்றன. இந்தக் கட்டத்துக்கென்றே 2022இல் எதை, எப்படிக் கற்பிப்பது என்று சொல்லும் தனிக் கலைத்திட்டச் சட்டகமும் வந்தது. ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில் பயிற்சி பெற வேண்டும் என்கிறது கொள்கை. அங்கன்வாடிப் பணியாளர்களில் பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு 1 வருட டிப்ளமா என்றும் சொல்கிறது. தனியார் பள்ளியில் வேலை செய்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு நாள் அனுப்பச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கும்போது, சலுகை கேட்பதுபோலக் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

பணம் கட்டுமுன் கவனம் வேண்டும். என்.டி.டி. (நர்சரி டீச்சர் டிரெய்னிங்) என்ற பெயரில் சந்துக்குச் சந்து சில மாதப் படிப்புகள் விற்கப்படுகின்றன. நகையை அடகு வைத்துச் சேர்ந்த பெண்களை எனக்குத் தெரியும். என்.சி.டி.இ. என்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா, உண்மையான வகுப்பறையில் எத்தனை நாள் பயிற்சி, நாம் போக நினைக்கும் வேலைக்கு இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று கேளுங்கள். பதிலை வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மழலைப் பருவப் பராமரிப்பும் கல்வியும் குறித்த டிப்ளமா தொலைநிலையில் இருக்கிறது. அதையும் இதே கேள்விகளைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

சான்றிதழ் வேண்டும், அதோடு ஆள் முன்மாதிரியும் வேண்டும். மும்பையில் 1892இல் பிறந்த தாராபாய் மோடக்கை என் சனிக்கிழமைப் பெண்களில் ஒருத்திக்குக்கூடத் தெரியவில்லை. நகரத்தை விட்டு மகாராஷ்டிரக் கடலோர ஊரான போர்டிக்கும், அங்கிருந்து அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கும் போய், ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளியை அவர்கள் முற்றத்துக்குக் கொண்டுபோனவர். இன்று நாடு முழுக்கச் சொல்லும் 'அங்கன்வாடி' என்ற சொல்லில் இருப்பது அந்த முற்றம்தான். சிறு வயதிலேயே கணவரை இழந்த அனுதாய் வாக் அவரோடு சேர்ந்து, அவருக்குப் பின்னும் அந்த வேலையைத் தொடர்ந்தார். பத்மபூஷணும் பத்மஸ்ரீயும் வாங்கிய இந்த இருவரும் 'பெரிய கிளாஸு'க்குப் போனவர்கள் இல்லை.

இன்னொரு திறமையையும் வளர்த்துக்கொள்ள வேண்டும், அது பெற்றோரிடம் பேசுவது. "நாலு வயசாச்சு, இன்னும் ஏபிசிடி எழுத வரலையே?" என்று ஓர் அப்பா கேட்டால் நாம் பயந்துபோய் மறுநாளே பென்சிலைக் கையில் திணிக்கிறோம். விரலுக்கு வலு வராமல் எழுத வைத்தால் கை வலிக்கும், எழுதுவதே வெறுத்துப்போகும். அதை நான் சொல்லிப் பார்ப்பதைவிட, அவரை உட்காரவைத்துக் காட்டிவிடுவேன். புளியங்கொட்டையை எடுத்துப் பல்லாங்குழியில் ஒவ்வொன்றாகப் போடுவது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது. "இந்த விரல்தாங்க நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போகுது" என்றால் புரிந்துகொள்கிறார்கள். எண்ணவும் அங்கேயே கற்றுக்கொள்கிறது பிள்ளை.

என் அடுத்த மூன்று வருடத்துக்கும் ஒரு குறி வைத்திருக்கிறேன். வகுப்பில் மட்டும் பேசாத குழந்தைக்கு நேரம் கொடுக்கலாம். வீட்டிலும் பேசாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கும் குழந்தைக்குக் காத்திருக்கவே கூடாது, காது கேட்கிறதா என்று உடனே சோதிக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் வாரம் ஒரு மதியம் உட்கார அனுமதி வாங்கியிருக்கிறேன். அங்கே கற்பதை வைத்து, எங்கள் சந்து அம்மாக்கள் படிக்கும்படி தமிழில் ஒரே பக்கத் தாள் ஒன்று தயாரிக்கப்போகிறேன். "உங்கள் பிள்ளையோடு உங்களுக்கு வரும் மொழியிலேயே நிறையப் பேசுங்கள்" என்பது அதன் முதல் வரி. அதை மட்டும் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.