ஸ்டார்ட்டரைக் காயவையுங்கள், வேகவைக்காதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். என்னிடம் ரொட்டிப் பயிற்சியில் வாங்கிப்போன சவர்டோ ஸ்டார்ட்டரை, அதாவது ரொட்டியைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உயிரோடு இருக்கும் புளித்த மாவை, ஒரு வருடம் கண்ணும் கருத்துமாக வளர்த்தவர், ஊருக்குப் போகிறோமே என்று தட்டில் பரப்பி, 100 டிகிரி ஓவனில் வைத்துக் காயவைத்திருக்கிறார். திரும்பி வந்து நனைத்தால், இரண்டாம் நாள் நாற்றத்தோடு கொஞ்சம் குமிழி, அப்புறம் ஒன்றுமே இல்லை. "மாவு சரியில்லையா மேடம்?" என்று கேட்கிறார். மாவில் குறையே இல்லை. அந்தக் குமிழிகூடப் புதிதாகப் போட்ட மாவிலிருந்த பாக்டீரியாவின் வேலைதான், அவருடைய ஸ்டார்ட்டர் ஓவனிலேயே செத்துவிட்டது.

ஈரம் போனால் போதும், எப்படிப் போனால் என்ன என்று நினைக்கிறீர்கள், இல்லையா? வற்றலுக்கும் வடகத்துக்கும் அது சரி, அவற்றில் எதுவும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. இது அப்படியில்லை. 60 டிகிரியை நெருங்கினாலே ஈஸ்ட் சாகும், மாடி வெயிலில் தகரத்தட்டு எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொதிக்கும் பாலில் யாராவது உறைமோர் ஊற்றுவார்களா?

இரண்டு மூன்று வாரப் பயணம் என்றால் காயவைக்கவே வேண்டாம், மாவு போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாலே போதும். அதற்கும் மேல் என்றால், நன்றாகப் பொங்கி நிற்கும்போது எடுத்து, பார்ச்மென்ட் காகிதத்தில் (மாவு ஒட்டாத பேக்கிங் காகிதம்) மெல்லிசாகத் தடவி, நிழலில் ஃபேன் காற்றில் ஓரிரு நாள் விடுங்கள், சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் இன்னும் ஒரு நாள் பிடிக்கலாம். அப்பளம் போல் படக்கென்று உடைய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. 1847-இல் ஓரிகன் பாதையில், அதாவது அமெரிக்காவின் மேற்கே குடியேறியவர்கள் போன வண்டிப்பாதையில், வந்ததாகச் சொல்லப்படும் கார்ல் கிரிஃபித் என்பவரின் குடும்ப ஸ்டார்ட்டர் அங்கே பல வருடங்களாக இப்படிக் காய்ந்த தூளாகத்தான் தபாலில் போய்க்கொண்டிருந்தது.

எழுப்பும்போது 10 கிராம் துகளுக்கு 20 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், மணிக்கட்டில் விட்டால் சுடக்கூடாது. சில மணி நேரம் ஊறிக் கரைந்ததும் 10 கிராம் மாவு. பிறகு தினமும் பாதியை எடுத்துவிட்டு மாவும் தண்ணீரும் சம எடையில் போடுங்கள். மூன்று முதல் ஐந்து நாள் ஆகலாம், தயவுசெய்து மறுநாளே சிங்க்கில் கொட்டாதீர்கள்! மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் அது பசி, கெட்டுப்போனதல்ல. இளஞ்சிவப்போ ஆரஞ்சோ பூஞ்சையோ தெரிந்தால் மட்டும் முழுவதையும் எறியுங்கள், வழித்தெடுத்துப் பிழைக்க வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். மாவு போட்ட நாலைந்து மணி நேரத்தில் இரட்டிப்பாகும் வரை ரொட்டிக்கு எடுக்காதீர்கள்.

அப்புறம், ஊருக்குக் கிளம்பும் முன்பே ஒரு ஸ்பூன் துகளை எழுப்பிப் பாருங்கள். அது பொங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை காயவைக்காமல் ஃபிரிட்ஜில் மீதி வைத்திருக்கும் ஈர ஸ்டார்ட்டரைக் கொட்டிவிடாதீர்கள்.