தேய்க்காதீர்கள், கரைய விடுங்கள்: வீடு காலி செய்யும் இரசாயனம்

பங்குனி மாதம் தங்கச்சி குடும்பம் திருகோணமலை உப்புவெளியில் மூன்று வருடம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தது. சாமான் எல்லாம் லொறியில் ஏறிப் போன பிறகு வெறும் வீட்டுக்குள் நின்று பார்த்தால்தான் எவ்வளவு கறை என்று தெரிகிறது. பைப்பில் வெள்ளைக் காரை, யன்னல் கண்ணாடி முழுக்க மங்கல், குசினி டைல்ஸில் மஞ்சள் பசை, அறை மூலையில் கறுப்புப் பூஞ்சணம். திறப்பைக் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது, முற்பணம் வீட்டுக்கார அன்ரியின் கையில். நான் போனபோது தங்கச்சி பச்சை ஸ்கிரபரை வைத்து பாத்ரூம் பைப்பை உரசு உரசென்று உரசிக்கொண்டிருந்தாள். வெள்ளை அப்படியே இருந்தது, பைப்பின் பளபளப்புத்தான் போய்க்கொண்டிருந்தது.

"விடு பிள்ளை, அது தேய்ச்சுப் போற சாமான் இல்லை."

அந்த வெள்ளை கல். உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சுண்ணாம்புக் கல், கல்சியம் காபனேற்று. நகரத்துக்குக் கந்தளாயில் இருந்து குழாய்த் தண்ணீர் வருகிறது, ஆனால் அந்த வீட்டில் குளிக்க, கழுவ எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் மண்ணிலும் சிப்பியிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர்தான். பைப்பின் வாயில் ஒரு துளி தொங்கிக் காய்கிறபோது காபனீரொட்சைட்டு காற்றோடு போய்விட, கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிறது. ஒரு துளிக்கு ஒரு படலம் என்று மூன்று வருடம் படிந்தால் உரசி எடுக்க முடியுமா? கேத்தலுக்குள் படிகிற வெள்ளையும் இதுதான், அங்கே சூடு வேலையை விரைவாக்குகிறது.

அமிலம் கொண்டுவந்ததை அமிலத்தால்தான் எடுக்க வேண்டும். இரண்டு தேசிக்காயைப் பிழிந்து, பழைய துணியை அதில் நனைத்து, பைப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். காதைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய சர்ர்ர் கேட்கும், துணியின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு குமிழிகள் வரும். அந்தக் குமிழிகள் காபனீரொட்சைட்டு, மூன்று வருடத்துக் கல் வாயுவாகிப் போகிறது. தேசிக்காய்ச் சாற்றில் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் சித்திரிக் அமிலம், வினாகிரியில் 4, 5 சதவீதம் அசற்றிக் அமிலம், இரண்டும் இதற்குப் போதும். இங்கே முக்கியம் பலம் இல்லை, நேரம்: தெளித்துவிட்டு உடனே துடைத்தால் அமிலத்துக்கு வேலை செய்ய அவகாசம் இல்லை, அதற்காகத்தான் துணி கட்டுவது. அரை மணித்தியாலம் கழித்து அவிழ்த்தபோது பாதி போயிருந்தது, இன்னொரு தரம் கட்டியதும் மீதியும் விரலால் தள்ள வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. சீமெந்துத் தரை, டைல்ஸ் இடுக்கு, மாபிள் எல்லாவற்றிலும் கல்சியம்தான் இருக்கிறது. பைப்புக் காரையைத் தின்கிற தேசிக்காய் இவற்றையும் தின்னும். பொலிஷ் போட்ட சிவப்புத் தரையில் நாலு துளி சிந்தி அப்படியே விட்டால் நாலு மங்கல் பொட்டு நிரந்தரமாக நிற்கும், அது அழுக்கில்லை, தரையே போன இடம். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பாத்ரூம் டைல்ஸில் இருந்த சாம்பல் நிறப் படலமும் அதே கிணற்றின் வேலைதான், ஆனால் கதை கொஞ்சம் வேறு. சவர்க்காரம் வன்னீரில், அதாவது இப்படிக் கல்சியம் கரைந்த தண்ணீரில், நுரைக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஏன் என்றால் சவர்க்காரத்தின் கொழுப்பமிலத்தைக் கல்சியம் பிடித்துக்கொள்கிறது, அது தண்ணீரில் கரையாத பிசுக்காகி டைல்ஸில் ஒட்டுகிறது. இதை இன்னும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பவர்கள்தான் அதிகம், அதாவது அந்தப் பிசுக்குக்கு இன்னும் தீனி போடுகிறார்கள். முதலில் வினாகிரி தடவிக் கல்சியத்தைப் பிரித்துவிட்டு, கோப்பை கழுவும் திரவத்தால் மீதிக் கொழுப்பைக் கழுவினால் போய்விடும். அந்தத் திரவம் சவர்க்காரம் மாதிரிக் கல்சியத்தோடு உறைவதில்லை.

அடுத்தது யன்னல். கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் கண்ணாடி எப்போதும் பிசுபிசுக்கும். அலை உடையும்போது தண்ணீருக்குள் காற்றுக் குமிழிகள் சிக்குகின்றன, அவை மேலே வந்து வெடிக்கையில் கண்ணுக்குத் தெரியாத துளிகளை வீசுகின்றன, காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு வர, துளி வற்றி உப்பு கண்ணாடியில் குந்துகிறது. சரி, உப்பு என்றால் காய்ந்து பொடியாகத்தானே இருக்க வேண்டும்? சோடியம் குளோரைட்டு மட்டும் என்றால் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது, அதற்கு 33 சதவீதமே போதும். திருகோணமலைக் காற்று அதைவிட எப்போதும் ஈரம் கூடியதுதான், அதனால் கண்ணாடியில் இருப்பது காயாத உப்புக் கரைசல்.

இதை உலர்ந்த துணியால் துடைத்தால் கரைசலை இங்கிருந்து அங்கே பூசுவதுதான் நடக்கும். போதாததற்கு அதில் கடற்கரை மணலும் ஒட்டியிருக்கும், மணல் குருணி கண்ணாடியைவிடக் கடினம், கீறும். உப்புக்கு வேண்டியது நல்ல தண்ணீர் மட்டுமே: 100 மில்லிலீற்றர் தண்ணீர் 36 கிராம் உப்பைக் கரைக்கும், ஒரு யன்னலில் அதில் ஒரு துளி பங்குகூட இராது. மேலிருந்து ஊற்றி வழியவிட்டு, பிறகு பழைய பத்திரிகைத் தாளால் ஒற்றி எடுத்தோம், சோப்பே தேவைப்படவில்லை. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் திரும்பவும் சுண்ணாம்புப் புள்ளி விழும் என்பதால் இதற்கு மட்டும் குழாய்த் தண்ணீர் பிடித்தோம்.

யன்னல் கிறிலில் இருந்து ஒழுகிய கறள் கோடு டைல்ஸில் இருந்தது. அதற்கு ப்ளீச் ஊற்றாதீர்கள். ப்ளீச் ஒட்சியேற்றுகிற சாமான், கறளோ ஏற்கெனவே ஒட்சியேறிய இரும்பு, இரண்டும் சேர்ந்தால் கறை இன்னும் உறுதியாகும், நான் ஒருமுறை எங்கள் வீட்டில் ஊற்றிப் பார்த்தவன். இங்கேயும் தேசிக்காய்தான். சித்திரிக் அமிலம் இரும்பைக் கவ்விப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துவிடும்.

குசினியில் எனக்குப் பிடித்த பகுதி இருந்தது. அடுப்புக்கு இடப்பக்கம், தேங்காய் எண்ணெய்ச் சட்டி இருக்கிற பக்கம், டைல்ஸில் தூசி கலந்த எண்ணெய்தான், சுடுதண்ணீரும் கழுவும் திரவமும் பட்டதும் வழிந்துவிட்டது. வலப்பக்கம், தங்கச்சி சூரியகாந்தி எண்ணெயில் பொரிக்கிற பக்கம், வார்னிஷ் பூசியது மாதிரி மஞ்சளாக இறுகியிருந்தது, நகத்தால் சுரண்டினால் சுருண்டு வருகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிரம்பிய கொழுப்பு, அதில் ஒட்சிசன் தொற்றிக்கொள்ள இரட்டைப் பிணைப்பு அரிது. சூரியகாந்தியில் அது நிறைய. சூட்டிலும் காற்றிலும் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு பிளாஸ்ரிக் மாதிரி ஆகிவிடுகின்றன. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வர்ணம் கலப்பது இதே காரணத்துக்காகத்தான், அது காயவில்லை, கோத்து இறுகுகிறது.

இறுகியதைக் கழுவும் திரவம் தூக்காது, பிணைப்பை வெட்ட வேண்டும். சுடுதண்ணீரில் வாஷிங் சோடாவைக் கரைத்து, துணியில் நனைத்துக் கால் மணித்தியாலம் ஒட்டிவைத்தோம். இந்தச் சோடா அமிலத்துக்கு எதிரான காரம், அது எண்ணெயில் கொழுப்பமிலங்களைக் கட்டிவைத்திருக்கிற எஸ்தர் பிணைப்பை வெட்டிக் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றும், கழுவ வேண்டிய அழுக்கே கழுவுகிற பொருளாகிறது. கையுறை போடுங்கள், உங்கள் தோலிலும் கொழுப்பு இருக்கிறது. அலுமினியச் சட்டியில் இதைப் போடக் கூடாது, கறுக்கும்.

பூஞ்சணத்துக்கு மட்டும் ப்ளீச். தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, யன்னலைத் திறந்து காயவிட வேண்டும். ஆனால் ப்ளீச் போட்ட இடத்துக்குக் கிட்ட வினாகிரியோ, தேசிக்காயோ, கொமட் கழுவும் அசிட்டோ வரவே கூடாது. அமிலம் பட்டதும் ப்ளீச் குளோரின் வாயுவை விடும். 1915இல் முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியில் படைவீரர்கள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். இரண்டையும் கலந்தால் இரட்டிப்பாக வெளுக்கும் என்று நம்பிக் கதவு மூடிய சின்ன பாத்ரூமுக்குள் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். நாங்கள் அமில வேலையை முதல் நாளும் ப்ளீச்சை அடுத்த நாளும் வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் பின்னேரம் அன்ரி வந்தார். பைப்பைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அறைச் சுவரின் கீழ்ப்பகுதியில், முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் உப்பி உதிர்ந்து வெள்ளைத் தூள் பூத்திருந்த இடத்தில்தான் நின்றார்.

"என்ன பிள்ளை, சுவரைப் பழுதாக்கிப் போட்டியளே."

இது கழுவுகிற கறை இல்லை, கழுவினால் கூடும். மாரி மழையில் நிலத்தில் ஊறிய ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, சுவரில் ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தை, மாசியில் வெயில் வந்து ஈரம் போகையில் உப்பு மட்டும் நின்று பளிங்காக வளர்கிறது, அந்தப் பளிங்கு வளரும் அழுத்தம்தான் பெயின்றைத் தள்ளுகிறது. ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும், அடுத்த வெயிலுக்கு மறுபடி பூக்கும். காய்ந்த தூரிகையால் தட்டி, தூளைக் கூட்டி வெளியே போடுவதுதான் சரி.

"அன்ரி, ஒருக்கா இதைப் பாருங்கோ" என்று தங்கச்சி தூளைக் கொஞ்சம் இரண்டு கரண்டியில் எடுத்தாள். ஒன்றில் தேசிக்காய் விட்டாள், குமிழி ஒன்றும் வரவில்லை, அப்படியென்றால் சுண்ணாம்பு இல்லை. மற்றதில் தண்ணீர் விட்டாள், தூள் கரைந்து காணாமல் போனது. "இது உப்பு அன்ரி, நிலத்தில இருந்து ஏறுது. நாங்கள் சுவரில ஒண்டும் செய்யேல்லை."

அன்ரி கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வெளியே போய், யாரும் குடியிராத பின் விறாந்தைச் சுவரைக் கையால் தடவினார். அங்கேயும் அதே முழங்கால் உயரத்தில் அதே வெள்ளை.

"மேசனைத்தான் கூப்பிட வேணும்" என்று சொல்லிக்கொண்டு கையைத் தட்டினார்.