பதில் தெரிந்தும் காத்திருப்பது

இணையவழிப் படிப்புகளில் கலந்துரையாடல் பகுதியைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடங்களாக என் வேலை. புள்ளியியல், நிரலாக்கம் இரண்டிலும் தொடக்கநிலைப் பாடங்கள். வீடியோவை ஒருவர் எடுப்பார், தேர்வை இன்னொருவர் திருத்துவார். படிப்பவர்கள் சந்தேகத்தோடு வந்து நிற்கிற இடம் மட்டும் என் பொறுப்பு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "யாருமே எழுத மாட்டேங்கிறாங்க, என்ன செய்றது?" நான் திருப்பிக் கேட்பேன்: "கடைசியா வந்த கேள்விக்கு எத்தனை நிமிஷத்துல பதில் போட்டீங்க?"

ஆரம்பத்தில் நானும் வேகத்தைத்தான் நம்பினேன். ஒருமுறை ஒருவர் கேட்டிருந்தார்: "சாம்பிளின் வேரியன்ஸ் கண்டுபிடிக்கும்போது எண்ணிக்கையால் வகுக்காமல், அதில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கிறோமே, ஏன்?" சாம்பிள் என்பது மொத்தத்திலிருந்து எடுத்த சிறு பகுதி; வேரியன்ஸ் என்பது எண்கள் எவ்வளவு சிதறி இருக்கின்றன என்பதன் அளவு. அருமையான கேள்வி. நான்கே நிமிடத்தில் பதில் போட்டேன். ஐந்து பத்தி, சமன்பாடு, படம் எல்லாம் இருந்தது. பதினோரு பேர் லைக் போட்டார்கள். கேட்டவரும் "தெளிவாகப் புரிந்தது, நன்றி" என்று எழுதினார். அத்தோடு அந்த இழை, அதாவது அந்தக் கேள்வியும் அதன்கீழ் நடந்த பேச்சும், முடிந்தது. மறுவாரப் பயிற்சியில் அதே விஷயத்தைச் சற்று மாற்றிக் கேட்டிருந்தோம். லைக் போட்டவர்களில் பலர் தப்பாகச் செய்திருந்தார்கள்.

அடுத்த பேட்சிலும் அதே கேள்வி வந்தது. அன்று நான் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டதால் மாலையில்தான் உள்ளே வந்தேன். அதற்குள் ஒருவர், "கணினி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் இருக்குமோ?" என்று எழுதியிருந்தார். தப்புதான். ஆனால் அந்தத் தப்பு இன்னொருவரைச் சும்மா இருக்கவிடவில்லை: "கையால் கணக்குப் போட்ட காலத்திலும் ஒன்றைக் கழித்தார்களே?" மூன்றாவதாக வந்தவர் ஒரு வேலை செய்தார். மொத்தத் தொகுதியே 2, 4, 6 என்ற மூன்று எண்கள்தான் என்று வைத்துக்கொண்டார். அதன் வேரியன்ஸ் 2.67. எடுத்ததைத் திரும்பப் போட்டு இரண்டிரண்டாக எடுத்தால் 9 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் 2-ஆல் வகுத்து வேரியன்ஸ் கண்டுபிடித்து, ஒன்பதுக்கும் சராசரி பார்த்தார். 1.33தான் வந்தது. 2-இல் ஒன்றைக் கழித்து, 1-ஆல் வகுத்துப் பார்த்தார். சரியாக 2.67 வந்தது. ஒன்பது ஜோடியையும் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். ஓரத்தில் அடித்துத் திருத்தியதுகூட அதில் தெரிந்தது.

என் ஐந்து பத்திகளால் ஆகாததை அந்தக் காகிதம் செய்தது. எனக்குச் சொல்வதற்கு மிச்சம் இருந்தது ஒரு வரிதான்: "மூன்று மூன்றாக எடுத்தாலும் இப்படித்தான் வருமா?" அந்த இழை இன்னும் இரண்டு நாள் ஓடியது.

இதை ஏதோ என் ஒருவனுடைய அனுபவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகம் இணையம் வழியாக வானியல் படிப்பு நடத்தியது. அங்கே மார்கரெட் மஸோலினி, சாரா மாடிசன் இருவரும் கலந்துரையாடல் பதிவுகளை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர் அடிக்கடி எழுதிய இடங்களில் மாணவர்கள் குறைவாகவே எழுதினார்கள், இழைகளும் குட்டையாகவே இருந்தன என்பது அவர்கள் கண்டது. வகுப்பறைக்கும் இது புதிதில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்து காட்டினார். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வந்தன. வகுப்பறையில் விநாடிக் கணக்கு, நமக்கு மணிக் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அப்படியானால் ஒதுங்கி இருந்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதன் விளைவைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பேட்ச் முழுக்க நான் வேண்டுமென்றே பின்வாங்கி நின்றேன். நன்றாக எழுதக்கூடிய நாலைந்து பேர் அதில் இருந்ததால் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. படிப்பு முடிந்து வந்த கருத்துப் படிவத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "என் கேள்வி மூன்று நாள் அப்படியே கிடந்தது. கேட்டதே தப்போ என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எதையும் கேட்கவில்லை." தேடிப் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் வந்த கேள்வி அது. "இது ரொம்ப அடிப்படையான சந்தேகம், மன்னிக்கவும்" என்று ஆரம்பித்திருந்தார். 43 பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரு பதில்கூட இல்லை. பார்த்த அந்த 43 பேரில் நானும் ஒருவன். இதை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. முதல்முறையாக எழுதுகிற எவருக்கும் 24 மணி நேரத்துக்குள் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும். அது கேள்விக்கான விடையாக இருக்க வேண்டும் என்பதில்லை. "பார்த்தேன். எந்தப் படி வரைக்கும் சரியாக வந்தது? அங்கே உங்களுக்கு என்ன எண் கிடைத்தது?" என்று கேட்டால் போதும். தான் எழுதியது ஒருவர் காதில் விழுந்தது என்று கேட்டவருக்குத் தெரிந்துவிடும். விடை இன்னும் திறந்தே இருப்பதால் மற்றவர்கள் உள்ளே வரவும் இடம் இருக்கும். பலமுறை எழுதிப் பழகியவர் கேள்வி கேட்டால் நான் ஒரு நாள் முழுக்கக்கூடக் காத்திருப்பேன். காத்திருக்கவே கூடாத கேள்விகளும் உண்டு: தேர்வு எப்போது முடிகிறது, கோப்பு ஏன் பதிவேறவில்லை, கடவுச்சொல் வேலை செய்யவில்லை. இவற்றில் யோசித்துக் கற்க ஒன்றும் இல்லை. உடனே சொல்லிவிட வேண்டும். இவற்றுக்குத் தனி இடம் ஒதுக்கிவிட்டால் பாடப் பேச்சுக்கு நடுவே வந்து கலக்காது.

நாமே கேள்வி போட்டுப் பேச்சைத் தொடங்கும் இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறோம். "இந்த வாரப் பாடம் பற்றிய உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்" என்று போட்டால் வருவது "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்ற வரிதான், முப்பது முறை. ஆளுக்கு ஒரு பதிவு, இரண்டு மறுமொழி கட்டாயம் என்று மதிப்பெண்ணோடு கட்டிவிட்டால் இன்னும் மோசம். கடைசி நாள் ராத்திரி "நல்ல கருத்து, ஒத்துக்கொள்கிறேன்" என்று வரிசையாக விழும். அதைப் படிக்கும் ஆர்வம் உண்மையாகவே எழுதியவருக்கும் போய்விடுகிறது. ஒரே சரியான விடை கொண்ட கேள்வியும் உதவாது, முதல் ஆள் சொன்னதும் கதை முடிந்துவிடும். எனக்குப் பலன் தந்தது, தப்பான ஒன்றைக் கொடுத்து எங்கே தப்பு என்று தேடச் சொல்வதும், இரண்டு வழிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லச் சொல்வதும்தான். இணையவழிப் படிப்பு நடத்தப் பயன்படும் மூடில் (Moodle) என்ற மென்பொருளில் கேள்வி-பதில் வகை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நீங்கள் உங்கள் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியது உங்களுக்குத் தெரியும். முதல் ஆளைப் பார்த்து எழுதுகிற பழக்கம் அதில் நின்றுவிடுகிறது. எல்லா வாரமும் அதையே வைத்தால் அலுத்துவிடும், வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கலாம்.

எழுதாமல் படித்துக்கொண்டே இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் படிப்பார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், 1 சதவீதம்தான் தொடர்ந்து எழுதும் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார். படிப்பு என்று வரும்போது இந்த அளவு மாறலாம், ஆனாலும் எழுதாதவர்களே அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைக்காதீர்கள். ஒரு தொழிலைக் கற்க வந்தவர் முதலில் ஓரமாக நின்று பார்ப்பதும் கற்றலின் பகுதிதான் என்று கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இலேயே விரிவாக எழுதினார்கள். பெயர் சொல்லிப் பொதுவில் அழைத்து யாரையும் நெளிய வைக்காதீர்கள். ஆறேழு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்துப் பாருங்கள். பெரிய கூட்டத்தில் ஒரு வரி எழுதாதவர் அங்கே எழுதுவார்.

பேச்சைக் கொல்லும் வார்த்தை எப்போதும் வசைதான் என்றில்லை. "இதுகூடத் தெரியாதா", "கூகுள் பண்ணிப் பாருங்க", "வீடியோவை ஒழுங்காப் பார்த்தீங்களா" இவை போதும். நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இப்படி எழுதுகிறார்கள், பல நேரம் கெட்ட எண்ணம் இல்லாமலேயே. நான் அந்தப் பதிவை அப்படியே அழித்துவிட மாட்டேன். முதலில் எழுதியவருக்குத் தனிச்செய்தி அனுப்புவேன்: "இந்த வரியைப் படித்தால் கேட்டவர் இனி கேட்கவே மாட்டார். எந்தத் தேடுசொல்லைப் போட்டால் கிடைக்கும் என்று சேர்த்துவிட முடியுமா?" பெரும்பாலானவர்கள் உடனே திருத்திவிடுவார்கள். பொதுவில் கேட்டவருக்கு ஒரு வரி எழுதுவேன், கண்டிப்பை மட்டும் அங்கே வைத்துக்கொள்ள மாட்டேன். திரும்பத் திரும்பச் செய்கிறவருக்கும், ஒருவரைக் குறிவைத்துத் தாக்குகிறவருக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. அவர்கள் எழுதுவதை நிறுத்திவைத்துவிட்டு, ஏன் என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

இப்போது சாட்ஜிபிடி எழுதிய பதிலை அப்படியே ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2022 டிசம்பரிலேயே அத்தகைய பதில்களுக்குத் தடை போட்டது. படிப்பவர்கள் நடுவே நான் தடையோடு நிற்பதில்லை. "இதில் எந்த வரி உங்களுக்கு முழுசாகப் புரிந்தது, எந்த வரியில் சந்தேகம்?" என்று கேட்கிறேன். உண்மையான பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஸ்வின்பர்ன் ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. அடிக்கடி எழுதிய ஆசிரியர்களைத்தான் மாணவர்கள் அதிக ஆர்வமுள்ளவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் என்று மதிப்பிட்டார்கள். அதாவது, அளவோடு பேசினால் நீங்கள் வேலை செய்யவில்லை என்றே தோன்றும். நமக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கும் அப்படித் தோன்றலாம். அதனால் முதல் நாளே நான் ஒரு பதிவு போட்டுவிடுகிறேன்: "தினமும் இருமுறை எல்லாவற்றையும் படிப்பேன். முதல்முறை எழுதுகிறவருக்கு ஒரு நாளுக்குள் பதில் சொல்வேன். மற்றக் கேள்விகளுக்கு நீங்கள் முயன்று பார்ப்பதற்காகக் கொஞ்சம் காத்திருப்பேன். தப்பான விடை எதுவும் வாரக் கடைசியைத் தாண்டித் திருத்தப்படாமல் நிற்காது."

அந்தக் கடைசி வாக்கைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்து வாரத்தின் இழைகளைத் தொகுக்கிறேன். யார் என்ன கேட்டார், யார் எந்த இடத்தில் திருப்பினார், எது தீர்ந்தது, எது இன்னும் பாக்கி என்று பெயர்களோடு எழுதுவேன். 2, 4, 6 எழுதிய காகிதம் வந்த வாரத்தின் தொகுப்பில் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதைச் சொன்னவரின் பெயரை முதலில் போட்டேன். அவர் துணிந்து ஒரு ஊகத்தைச் சொன்னதால்தான் மற்ற இருவரும் எழுத வந்தார்கள் என்று சேர்த்தேன். அவர் அதன்கீழ் ஒரு கேள்வி எழுதினார். அடுத்த வாரம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.