இரண்டு கழித்தல்களில் ஒரு பள்ளிக்கூடம்

1974-இல் இந்தோனேசியாவின் ஏதோ ஒரு கிராமத்தில் அண்ணன், தம்பி என்று இரண்டு பையன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு வயது 13, தம்பிக்கு 3. அந்த வருடம் ஊருக்குள் புதிதாக ஒரு ஆரம்பப் பள்ளி எழும்புகிறது. மூன்று வாத்தியார், 120 பிள்ளைகள் என்ற கணக்கில் கட்டிய பள்ளி. அந்த நாட்டில் 7 வயதில் பள்ளியில் சேர்ந்து 12 வயதில் ஆரம்பக் கல்வியை முடிப்பது வழக்கம். தம்பிக்குப் பள்ளி சரியான நேரத்தில் வந்துவிட்டது. அண்ணனுக்கோ பந்தி முடிந்தபிறகு இலை போட்ட கதை.

ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே அப்பா அம்மா. பிறந்த வருடம் மட்டும்தான் வேறு. அந்த வருடத்தை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. இதை வைத்துத்தான் பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ ஒரு பழைய கேள்விக்குப் பதில் தேடினார்: ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் சம்பளம் எவ்வளவு கூடும்?

கேட்க எளிய கேள்விதான். படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அது படிப்பால் வந்ததா, படிக்கவைக்க முடிந்த குடும்பத்தின் வசதியால் வந்ததா? இரண்டும் பின்னிக் கிடக்கும்.

1973-இல் பெட்ரோலிய விலை எகிறியபோது, எண்ணெய் வளமுள்ள இந்தோனேசியாவுக்குப் பணம் கொட்டியது. அப்போதைய ஜனாதிபதி சுகார்த்தோவின் அரசு அதில் ஒரு பங்கைப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது. 'இன்ப்ரெஸ்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். ஜனாதிபதி ஆணை என்பதன் சுருக்கம். 1973-74 முதல் 1978-79 வரை 61,000-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகள் எழுந்தன. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பள்ளி செல்வோர் 1973-இல் 69 சதவீதம். 1978-இல் 83 சதவீதம்.

பள்ளி அதிகம் கிடைத்த மாவட்டத்தையும் குறைவாகக் கிடைத்த மாவட்டத்தையும் நேராக ஒப்பிட்டால் போதாதா? போதாது. பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எங்கே அதிகமோ அங்கே அதிகப் பள்ளி என்பதுதான் அரசின் விதி. அதனால் பள்ளி நிறையக் கட்டிய இடங்களில்தான் படிப்பு குறைவு. தண்ணீர் லாரி அதிகம் வரும் தெருவில்தான் தண்ணீர்ப் பஞ்சமும் அதிகம். லாரியால் பஞ்சம் வந்தது என்று சொல்வோமா?

டஃப்லோ 1995-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார். 1974-இல் 2 முதல் 6 வயதில் இருந்த ஆண்களைத் தம்பிகள் என்றும், 12 முதல் 17 வயதில் இருந்தவர்களை அண்ணன்கள் என்றும் நம் வசதிக்கு அழைப்போம். பள்ளி அதிகம் கிடைத்த மாவட்டங்களில் பிறந்த தம்பிகள் சராசரியாக 8.49 வருடம் படித்திருந்தார்கள், அண்ணன்கள் 8.02. கழித்தால் 0.47. முழுக்கப் பள்ளியின் பலன் என்று இதைக் கொண்டாட முடியாது. நாடே முன்னேறிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளி குறைவாகக் கிடைத்த மாவட்டங்களிலும் தம்பிகள் 9.76, அண்ணன்கள் 9.40. கழித்தால் 0.36. இது காலத்தின் போக்கு. முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது பள்ளியின் பங்கு: 0.12 வருடம். (0.11 அல்லவா என்று கேட்பவர்களுக்கு: பின்னங்களை வெட்டாமல் கழித்தால் 0.12.)

ஏறக்குறைய ஒன்றரை மாதப் படிப்பு. இவ்வளவுதானா என்று தோன்றும். பள்ளி குறைவு என்று நாம் சொன்ன இடங்களிலும் பள்ளி கட்டத்தான் செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த முறையின் உயிர் ஒரே ஒரு அனுமானத்தில் இருக்கிறது. பள்ளியே வராமல் போயிருந்தால் இரண்டு வகை மாவட்டங்களும் ஒரே வேகத்தில் நகர்ந்திருக்கும் என்ற அனுமானம். அதைச் சோதிக்க டஃப்லோ அதே கழித்தலை அண்ணன்களுக்கும் அவர்களுக்கு மூத்த, 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கும் இடையே போட்டார். இரண்டு தலைமுறைக்கும் புதுப் பள்ளி கிடையாது, ஆகவே விடை பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 0.03 வந்தது. எனக்கு மொத்த ஆய்விலும் பிடித்த இடம் இதுதான்.

பிறகு எல்லா மாவட்டங்களையும் சேர்த்து விரிவான புள்ளியியல் மாதிரி ஒன்றைப் பொருத்தினார். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடினால் படிப்பு 0.12 முதல் 0.19 வருடம் வரை ஏறுகிறது, சம்பளம் 1.5 முதல் 2.7 சதவீதம் வரை ஏறுகிறது. பள்ளிக் கட்டடம் நேராகச் சம்பளத்தைத் தொடாது, படிப்பின் வழியாகத்தான் தொடும் என்று ஒப்புக்கொண்டால், சம்பள உயர்வைப் படிப்பு உயர்வால் வகுத்துவிடலாம். ஒரு வருடப் படிப்புக்குக் கிடைத்த விடை 6.8 முதல் 10.6 சதவீதம். 2001-இல் இது வெளியானது. 2019-இல் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரெமர் ஆகியோருடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அந்த 'ஒப்புக்கொண்டால்' சும்மா போட்ட சொல் அல்ல. பள்ளியோடு சேர்த்துக் குடிநீர்த் திட்டமும் அதே ஊருக்கு வந்திருந்தால் கணக்குக் கலங்கும். அதனால் அந்தத் திட்டங்களையும் மாதிரிக்குள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

2004-இல் டஃப்லோவே வெளியிட்ட இன்னொரு ஆய்வு இந்தக் கதையின் கசப்பான பக்கத்தைக் காட்டியது. உழைப்பாளர்களில் ஆரம்பக் கல்வி முடித்தவர்களின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடிய இடங்களில், பள்ளி கிடைக்காத அண்ணன்மாரின் சம்பளம் 3.8 முதல் 10 சதவீதம் வரை குறைந்தது. படித்த கைகள் பெருகிய வேகத்துக்கு முதலீடு அந்த வட்டாரங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களின் கணக்கு. பெண்களுக்கு அதே கழித்தலைப் போட்டால் சராசரியில் ஒன்றும் தெரியவில்லை. 2020-இல் வேறொரு குழு அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்கும் வழக்கமுள்ள இனக்குழுக்களில் பெண்களின் படிப்பு ஏறியிருந்தது. அந்த வழக்கம் இல்லாதவற்றில் ஏறவில்லை. பரிசம் கொடுக்கும் குழுக்களில் பெண் எவ்வளவு படித்திருக்கிறாளோ அவ்வளவுக்குப் பரிசத் தொகை கூடுமாம்.