பாறைக்களம்: ‘ஆஸ்டிராய்டு ஃபீல்டு’ என்ற தொடரின் பொருளும் பிறப்பும் தமிழாக்கமும்

விண்வெளிக் கதைகளைத் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் அடிக்கடி தடுமாறும் தொடர்களுள் ஒன்று ‘ஆஸ்டிராய்டு ஃபீல்டு’. துரத்தப்படும் ஒரு சிறிய விண்கலம், உருண்டும் சுழன்றும் ஒன்றோடொன்று மோதியும் நெருக்கமாக மிதக்கும் பாறைக் கூட்டத்துக்குள் துணிந்து நுழைவதும், பின்னால் வரும் பெரிய கலம் நுழையத் தயங்குவதும், நுழைந்தால் நொறுங்குவதும் கதை கேட்டுப் பழகிய எவருக்கும் தெரிந்த காட்சியே. அந்தப் பாறைக் கூட்டத்தைக் குறிக்கும் பெயராகவே இத்தொடர் புனைவில் வழங்குகிறது. தமிழில் இதனைச் ‘சிறுகோள் மண்டலம்’ என்றும், ‘சிறுகோள் பட்டை’ என்றும், ‘சிறுகோள் புலம்’ என்றும், சில வேளைகளில் ‘விண்கல் கூட்டம்’ என்றும் எழுதுகிறார்கள். இவற்றுள் எது பொருந்தும் என்று முடிவு செய்வதற்கு, ‘ஆஸ்டிராய்டு’, ‘ஃபீல்டு’ ஆகிய இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதற்சொல்லின் வரலாறு 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் தொடங்குகிறது. அங்கிருந்த வானாய்வகத்தில் ஜுசெப்பே பியாஸி என்னும் துறவி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே நகரும் ஒரு மங்கலான ஒளிப்புள்ளியைக் கண்டார். சீரிஸ் என்று பெயர் பெற்ற அப்பொருள் ஒரு புதிய கோளாகவே முதலில் வரவேற்கப்பட்டது. 1802-இல் ஹைன்ரிச் ஓல்பர்ஸ் என்னும் வானியலாளர் ஏறத்தாழ அதே தொலைவில் பல்லஸ் என்னும் இன்னொன்றைக் கண்டறிந்தவுடன் சிக்கல் எழுந்தது. ஒரு கோள் இருக்க வேண்டிய இடைவெளியில் இரண்டு இருந்தன; இரண்டும் மிகச் சிறியவை. அக்காலத்தின் மிகச் சிறந்த தொலைநோக்கிகளைக் கையாண்ட வில்லியம் ஹெர்ஷல் உற்றுப் பார்த்தும், மற்றக் கோள்களைப் போல அவை வட்டத் தட்டாக விரியவில்லை. விண்மீனைப் போலப் புள்ளியாகவே நின்றன. ஆகவே அதே ஆண்டில் அவர், விண்மீனைக் குறிக்கும் ‘அஸ்டெர்’ என்ற கிரேக்கச் சொல்லோடு ‘போன்றது’ என்னும் பொருள் தரும் ஈற்றைச் சேர்த்து ‘ஆஸ்டிராய்டு’ என்ற பெயரை வழங்கினார். அப்பொருள் எதனால் ஆனது, எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றி அந்தப் பெயர் எதுவும் சொல்லவில்லை. தொலைநோக்கியின் வழியே அது எப்படித் தோன்றியது என்பதை மட்டுமே சொன்னது. பியாஸிக்கு இப்பெயர் பிடிக்கவில்லை. ‘கோள் போன்றது’ என்று பொருள்படும் ‘பிளானெட்டாய்டு’ என்ற பெயரை அவர் விரும்பினார்.

தமிழில் நிலைபெற்றுவிட்ட ‘சிறுகோள்’ என்ற சொல் பொருளளவில் ஹெர்ஷலைவிடப் பியாஸிக்கே நெருக்கமானது என்பது கவனிக்கத்தக்கது. ‘கொள்’ என்ற வினையடியிலிருந்து பிறந்த ‘கோள்’ என்பது பற்றுதல், கொள்ளுதல் என்ற பொருளையும் உடைய பழஞ்சொல். சங்கப் புலவர்கள் வானத்து ஒளிகளை ‘நாள்மீன்’ என்றும் ‘கோள்மீன்’ என்றும் பிரித்தார்கள். பட்டினப்பாலையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. நிலையாக நிற்பதும் மீன், இடம் மாறித் திரிவதும் மீன். மின்னுவது எதுவோ அது மீன். கண்ணுக்குத் தோன்றும் ஒளியை அடிப்படையாகக் கொண்ட அந்தப் பழைய பகுப்பு, ஹெர்ஷலின் எண்ணத்தோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. அவருடைய சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘மீன்போலி’ என்றுதான் வரும். ஆயினும் இன்று அந்தப் பொருள்களின் தன்மை நன்கு தெரிந்துவிட்டதால், தோற்றத்தைக் கூறும் சொல்லைவிட இயல்பைக் கூறும் ‘சிறுகோள்’ சிறந்தது என்பதே என் கருத்து. ‘குறுங்கோள்’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் 2006-இல் சீரிஸும் புளூட்டோவும் சேர்க்கப்பட்ட ‘ட்வார்ஃப் பிளானெட்’ என்னும் வகைக்கு அச்சொல் தேவைப்படுவதால் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. ‘விண்கல்’ என்பது வேறு. வளிமண்டலத்தைக் கடந்து தரையில் விழுந்த கல்லுக்கே அப்பெயர் உரியது. சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை, அது விழாதவரை, விண்கல் என்று அழைப்பது பிழை.

பெயர் இப்படி இருக்க, நெருக்கமாக மோதிக்கொள்ளும் பாறைகள் என்ற காட்சி எங்கிருந்து வந்தது? அதற்கான விதையும் ஓல்பர்ஸிடமே இருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே முன்பு ஒரு முழுக்கோள் இருந்து சிதறியிருக்க வேண்டும் என்றும், கண்டறியப்பட்டவை அதன் துண்டுகள் என்றும் அவர் ஊகித்தார். 1804-இல் ஜூனோவும் 1807-இல் வெஸ்டாவும் கிடைத்தபோது அந்த ஊகம் வலுப்பெற்றதாகவே தோன்றியது. உடைந்த உலகம் என்பது கதைசொல்லிகளின் மனத்தை எளிதில் பற்றிக்கொள்ளும் படிமம். உடைந்தது என்றால் இடிபாடு உண்டு, இடிபாடு என்றால் நெருக்கம் உண்டு. அறிவியல் அந்த ஊகத்தைக் கைவிட்டு நெடுங்காலம் ஆயிற்று. வியாழனின் ஈர்ப்பு கலைத்துக்கொண்டே இருந்ததால் ஒரு கோளாகத் திரள முடியாமல் போன மூலப்பொருளின் எச்சமே அது என்று இன்று விளக்குகிறார்கள். அங்குள்ள அனைத்தையும் ஒன்றாகத் திரட்டினாலும் நம் நிலவின் நிறையில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் தேறும். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிஸ் ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது.

எண்ணிக்கை பெரிதுதான். 1 கி.மீ.க்கு மேற்பட்ட குறுக்களவு உடையவை மட்டும் 10 லட்சத்தைத் தாண்டும். ஆனால் அவை பரவியிருக்கும் வெளி இன்னும் பெரிது. சூரியனிலிருந்து பூமிக்குள்ள தொலைவான 15 கோடி கி.மீ.யை ஓர் அளவுகோலாகக் கொண்டால், அந்தப் பட்டை சுமார் 2.1 மடங்கில் தொடங்கி 3.3 மடங்கு வரை அகன்று கிடக்கிறது. இந்த அளவுள்ள இரு சிறுகோள்களுக்கு இடையே சராசரியாகச் சுமார் 10 லட்சம் கி.மீ. இடைவெளி இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பூமிக்கும் நிலவுக்கும் இடையிலுள்ள தொலைவைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரு சிறுகோளின் மேல் நின்று சுற்றிலும் பார்ப்பவருக்குப் பக்கத்துச் சிறுகோள் வெறுங்கண்ணுக்குத் தெரிவதே அரிது. தொலைநோக்கியில் தெரிந்தாலும் அது ஓர் ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். அதாவது, பலகோடி கி.மீ. தொலைவில் தரையில் நின்று ஹெர்ஷல் இட்ட ‘விண்மீன் போன்றது’ என்ற பெயர், பட்டையின் நட்டநடுவே போய் நின்றாலும் பொருந்துகிறது. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே.

இதை மனிதர்கள் கணக்கால் மட்டும் அறியவில்லை. 1972 ஜூலையில் பயனியர் 10 விண்கலம் இந்தப் பட்டைக்குள் நுழைந்தபோது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கலத்தைச் சிதைத்துவிடுமோ என்ற அச்சம் உண்மையாகவே இருந்தது. 1973 பிப்ரவரியில் அது சேதமின்றி வெளியேறியது. அதன்பின் சென்ற கலங்களும் அவ்வாறே கடந்தன. 1991 அக்டோபரில் கலிலியோ விண்கலம் கஸ்ப்ரா என்னும் சிறுகோளின் அருகே சென்றது திட்டமிட்டு அமைத்த பாதையினால்தான். ஒரு சிறுகோளையேனும் அருகில் காண வேண்டுமானால் அதனைக் குறிவைத்துத் தேடிச்செல்ல வேண்டும்.

இனி இரண்டாம் சொல்லுக்கு வருவோம். ‘ஃபீல்டு’ என்பதற்கு வயல், வெளி, துறை, விசை பரவும் இடம் எனப் பல பொருள்கள் உண்டு. கண்ணிவெடி புதைத்த நிலத்தையும் பனிக்கட்டி பரந்த கடற்பரப்பையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு; விண்வெளிக் கதையிலும் அது அவ்வாறே ஆளப்படுகிறது. ஒரே வகைப் பொருள் நெருக்கமாகக் கிடக்கும் பரப்பு என்பதே அங்கே கருத்து. தமிழில் ‘வயல்’ என்றால் விளைச்சல்தான் நினைவுக்கு வரும். ஆகவே அதனைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடலாம். ‘புலம்’ அழகிய சொல். ஆனால் மின்புலம், காந்தப்புலம் என்று இயற்பியலில் அது உறுதியாக வேரூன்றிவிட்டதால், ‘சிறுகோள் புலம்’ என்பதைப் படிப்பவர் சிறுகோளிலிருந்து பரவும் ஏதோ ஒரு விசை என்று எண்ணக்கூடும். ‘மண்டலம்’ ஏற்கெனவே சூரிய மண்டலம், வளிமண்டலம் எனப் பலவற்றைச் சுமக்கிறது. ‘வளையம்’ என்பதைச் சனிக்கு விட்டுவிடுவதே முறை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள உண்மையான பரப்புக்குச் ‘சிறுகோள் பட்டை’ என்பதே தக்க பெயர். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிப்பொருள்களின் பரப்பைக் குறிக்கும் கைப்பர் பட்டை என்ற வழக்கோடும் அது இசைகிறது.

ஆனால் கதையில் வருவது இந்தப் பட்டை அன்று. இதுதான் பலரும் தவறவிடும் இடம். பட்டை என்பது வானியல் கண்ட உண்மை. நெருங்கி மோதும் பாறைகளின் பரப்பு என்பது கதை தன் தேவைக்காகப் படைத்துக்கொண்ட இடம். இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆண்டால், கதையைப் படித்தவர் வானத்தைத் தவறாகப் புரிந்துகொள்வார். வானத்தை அறிந்தவர் கதையைப் பிழை என்று ஒதுக்குவார். எனவே புனைவில் வரும் இடத்துக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். அதற்கு நான் முன்வைப்பது ‘பாறைக்களம்’. போர்க்களம், ஏர்க்களம், ஆடுகளம் என்று வரும்போதெல்லாம் களம் என்பது வெறும் நிலப்பரப்பாக நில்லாமல், ஒரு செயல் நிகழும் நிலமாகிறது. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் தன் நாடகப் பிரிவுகளுக்கு அங்கம், களம் என்று பெயரிட்டது. இன்றும் கதைக்களம் என்கிறோம். இடத்தையும் நாடகக் காட்சியையும் ஒரே சொல்லில் அடக்கும் வாய்ப்பு ஆங்கிலத் தொடருக்குக் கிட்டாதது. சிறுகோள் என்பதை விடுத்துப் பாறை என்று வைப்பதற்கும் காரணம் உண்டு: கதைகளில் வருபவை சில வேளை உடைந்த நிலவின் துண்டுகள், சில வேளை சிதறிய கோளின் எச்சங்கள், அவை எல்லாவற்றையும் பாறை என்ற சொல் தாங்கும்.

கதைக்கு ஏன் இப்படியோர் இடம் தேவைப்பட்டது என்பதைத் தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு விளக்குவது எளிது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் நிகழும் வாழ்வு உரிப்பொருள். ஐந்து திணைகளுள் பாலைக்கு மட்டும் தொல்காப்பியர் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பிரிவையும் இடரையும் சொல்ல வேண்டிய தேவை முன்னே நிற்க, அதற்கு ஏற்ற நிலம் பின்னே உருவாகிறது. பாறைக்களமும் அத்தகையதே. விண்வெளியின் இயல்பு வெறுமை. வெறுமையில் மறைவிடம் இல்லை, குறுக்கு வழி இல்லை, வலியவனைத் தடுக்க எதுவும் இல்லை. வேகமும் ஆற்றலும் மிக்க கலமே எப்போதும் வெல்லும். அந்த வெறுமையைத் திரித்து, இடரை அடர்த்தியாக்கினால்தான் சிறியவனுடைய கைத்திறனுக்கு மதிப்பு வரும். உற்றாருக்குத் தெரியாமல் தலைவனும் தலைவியும் சுரம் கடக்கும் உடன்போக்கிலும், ஆறலைக் கள்வர் பதுங்கும் வழிகளிலும் நாம் படித்த அதே அமைப்புதான் இங்கே தப்பியோடும் கலமாகவும் பாறைகளுக்கிடையே பதுங்கிய கொள்ளையராகவும் மீண்டும் வருகிறது. கடற்கதைகளின் நீரடிப் பாறைகளும் இதன் மூதாதையர்தாம். விண்கலம் என்ற சொல்லிலேயே மரக்கலம் உறைந்திருக்கிறது அல்லவா?

எழுதுபவர் ஒன்றை மட்டும் மனத்தில் கொள்வது நல்லது. சிறுகோள்கள் மோதிக்கொள்ளும்போது அவற்றின் ஒப்பு வேகம், அதாவது ஒன்றைப் பொறுத்து மற்றொன்றின் வேகம், நொடிக்கு 5 கி.மீ. என்ற அளவில் இருக்கும். அந்த வேகத்தில் வரும் 1 கிலோ கல்லின் ஆற்றல் ஏறத்தாழ 3 கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம், 1 கி.மீ. முன்னால் கண்ணில் பட்டால், விலகுவதற்குக் கிடைப்பது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே பாறைகளுக்கிடையே வளைந்து நெளிந்து பறக்கும் காட்சி வேண்டுமானால், அவை ஒன்றைப் பொறுத்து மற்றொன்று மெல்ல நகர்பவையாக இருக்க வேண்டும். அதற்கு அவை அண்மையில் சிதறியவையாகவோ, ஒரு கோளைச் சுற்றி ஒரே திசையில் செல்பவையாகவோ இருக்க வேண்டும். சனியின் வளையங்கள் அப்படிப்பட்டவை: துகள் அளவிலிருந்து சில மீட்டர் வரையுள்ள பனிக்கட்டிகள் அங்கே மிக மெதுவாக உரசிக்கொள்கின்றன. ஒன்றுக்கொன்று வேகம் மிகுந்த அடர்ந்த பாறைக்களம் நெடுங்காலம் நிலைக்காது. தானே மோதித் தூளாகிவிடும்.

இதற்கு அண்மையிலேயே ஓர் உண்மை எடுத்துக்காட்டு இருக்கிறது. பூமியைச் சுற்றும் செயற்கைப் பொருள்கள் மோதி, அச்சிதறல்கள் மேலும் மோதல்களை உண்டாக்கும் என்று டொனால்ட் கெஸ்லரும் அவருடைய உடனாய்வாளரும் 1978-இல் எச்சரித்தார்கள். 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்னும் இரு செயற்கைக்கோள்கள் நொடிக்கு 11 கி.மீ.க்கும் மேற்பட்ட ஒப்பு வேகத்தில் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. இதனைக் கதையில் எழுதும்போது பாறைக்களம் என்று எழுதக் கூடாது. அங்கே பாறை இல்லை, காட்சிக்குரிய நெருக்கமும் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் வந்து துளைக்கும் உலோகத் துணுக்குகளே உள்ளன. அதற்குச் ‘சிதைவுக்களம்’ என்ற சொல் பொருந்தும். ‘சுற்றுப்பாதைக் குப்பை’ என்பது செய்திக்குப் போதுமானது.