ஜியாலஜி படிக்க வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு, ஒரு போர்வெல் நோட்டின் கதை

கடலூரில் நிலத்தடி நீர் பார்ப்பது என் தொழில். மண்ணின் மின்தடையை அளந்து நீர் தேடும் ரெசிஸ்டிவிட்டி மீட்டரும் ஒயர்ச் சுருளுமாகப் போய் இறங்கினால் ‘பாயிண்ட் பார்க்கிற சார் வந்துட்டார்’ என்பார்கள். எனக்கு முன்பே உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு ஒருவர் நிலத்தைச் சுற்றி வந்து குச்சி நட்டுவிட்டுப் போயிருப்பார். அது வேறு கதை. அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து ஊர் திரும்பியவன் என்பதால் வருடா வருடம் ஆவணி வாக்கில் நாலைந்து பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள். கையில் எஸ்.ஓ.பி., அதாவது ‘நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்’ என்று எழுதும் இரண்டு பக்கக் கட்டுரை. ‘சார், கொஞ்சம் பாத்து குடுங்க.’

போன வருடம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கட்டுரையின் முதல் வரி, சிறு வயதிலிருந்தே பாறைகள் அவனைக் கவர்ந்தனவாம். ‘குறிஞ்சிப்பாடியில எங்கடா பாறை?’ என்று கேட்டேன். அங்கே எவ்வளவு தோண்டினாலும் மணலும் களியும்தான். கருங்கல் பார்க்க விருத்தாசலம் தாண்டி மேற்கே போக வேண்டும். சிரித்துவிட்டான். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. ‘போர் போடுறார் சார். ரோட்டரி வண்டி.’ அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

லீவு நாட்களில் அவனும் வண்டியோடு போவானாம். சேற்றுக் குழி ஓரத்தில் உட்கார்ந்து, பத்தடிக்கு ஒரு தரம் மேலே வரும் மண்ணைச் சல்லடையில் அரித்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தான். மறுநாள் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். சேறு காய்ந்து பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. ‘20: செம்மண், உள்ளே குண்டுமணி அளவு சரளை. 60: வெள்ளைக் களி, நாக்கில் வைத்தால் ஒட்டுகிறது. 110: மணல், வண்டி சரசரவென்று இறங்குகிறது. 260: கறுப்பு, கையில் பிசுபிசுப்பு, அப்பா கரி என்கிறார்.’ இப்படி இருபத்து மூன்று போர்கள். இதில் ஒரு வரிகூட எஸ்.ஓ.பி.யில் இல்லை. அதற்குப் பதிலாக ‘உலகத் தரமான ஆய்வகங்கள்’ என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது.

என்னிடம் வரும் பத்துக் கட்டுரைகளில் எட்டு இப்படித்தான். நம் காலடியில் கிடப்பது சாதாரண மண் என்று நினைத்துக்கொள்கிறோம். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் செம்மண் ஓடைகளில் மழை அரித்த சுவரைப் பாருங்கள், அதற்கு நிலவியல் உலகில் பெயரே ‘கடலூர் மணற்கல்’தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து தொடங்கியதுதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கதை. அதை வெட்டி எடுக்க 1956இல் ஒரு கம்பெனியே உருவானது. கரிக்கு அடியில் இருக்கும் நீர், அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறிய கதை கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நீரியல் பேராசிரியருக்கு இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுக் கேள்வி.

பேராசிரியர் என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் காலத்தில் நான் செய்த தப்பும் இதுதான். முதல் வருடம் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். கட்டணமாக மட்டும் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம் போனது. ஆறும் நிராகரிப்பு. மதிப்பெண் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு: அந்த ஆறு இடத்திலும் ஒரு பேராசிரியருக்குக்கூட நான் முன்னதாக ஒரு வரி எழுதவில்லை.

கம்ப்யூட்டர் சயன்ஸ் எம்.எஸ். போல இல்லை இது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆய்வேடு எழுதும் ஜியாலஜி முதுகலை என்றால், பெரும்பாலும் ஒரு பேராசிரியர் ‘இந்தப் பிள்ளையை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அவருக்கு ஆய்வு நிதி வந்திருந்தால் அதிலிருந்து உங்களுக்குச் சம்பளம். இல்லையென்றால் துறையே கற்பித்தல் உதவியாளர் வேலை தரும். முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கனிமங்களை அடையாளம் காட்டும் லேப் எடுப்பீர்கள், பெரும்பாலும் படிப்புக் கட்டணம் தள்ளுபடியாகி மாதாமாதம் கையில் கொஞ்சம் பணம் வரும். எந்த வழியானாலும் உங்கள் பெயர் அங்கே யாருக்காவது தெரிந்திருந்தால்தான் காரியம் நடக்கும். விண்ணப்பக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். ஆகவே ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் மெயில் போயிருக்க வேண்டும்.

மெயில் எப்படி? ஏழெட்டு வரி போதும். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். உங்கள் மண்ணில் நீங்கள் பார்த்த ஒன்றை அதோடு சேர்த்து ஒரு கேள்வியாக வையுங்கள். அப்புறம், ‘வரும் கல்வியாண்டுக்கு மாணவர் எடுக்கிறீர்களா?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து ஒரே மெயிலை நாற்பது பேருக்கு அனுப்புவது வீண். பெண் பேராசிரியருக்கு ‘சார்’ என்று போன மெயிலையும் நான் பார்த்திருக்கிறேன். பதில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு தரம் நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். தேடும்போது இன்னொன்று: அங்கே பல இடங்களில் துறைக்கு ஜியாலஜி என்ற பெயரே இருக்காது. புவி அறிவியல், புவி மற்றும் கோள் அறிவியல் என்றெல்லாம் இருக்கும்.

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யை இப்போது பல ஜியாலஜித் துறைகளில் கேட்பதில்லை. ஒவ்வொரு இடமாகப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். களப் பயிற்சி பற்றி மட்டும் மழுப்பாதீர்கள். அமெரிக்கப் பிள்ளைகள் இளங்கலையிலேயே ஐந்தாறு வாரம் வெயிலில் நடந்து வரைபடம் போட்டிருப்பார்கள். நம்மூரில் பல கல்லூரிகளில் அது பத்து நாள் டூர். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், சேர்ந்த பிறகு அந்தப் பயிற்சியை எடுக்கச் சொல்லும் துறைகள் உண்டு.

ஒரு பெண் திருவக்கரைக்குப் போய்வந்ததை அழகாக எழுதியிருந்தாள். சுமார் 2 கோடி ஆண்டு பழைய கல்மரங்கள், கிளையும் இலையும் இல்லாமல் படுத்துக் கிடப்பதால் வெள்ளம் அடித்துவந்து போட்டிருக்க வேண்டும் என்றெல்லாம். கடைசியில் ‘அங்கிருந்து எடுத்த துண்டு இன்றும் என் மேசையில்’ என்று ஒரு வரி. அம்மா தாயே! அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அங்கே துண்டு எடுக்கக் கூடாது, எடுத்ததை எழுத்தில் ஒப்புக்கொள்வது அதைவிடப் பெரிய கூத்து.

சிபாரிசுக் கடிதம். ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடறேன்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் அப்படிச் சொன்னார். மூன்று கடிதமும் நானே எழுதினேன், மூன்றிலும் ‘கடின உழைப்பாளி’ ஒரே இடத்தில் வந்து நின்றான். படிக்கிறவர்களுக்கு இது புரியாமல் போகுமா? நான் இப்போது பிள்ளைகளிடம் சொல்வது: ஆசிரியரிடம் கடிதத்தைக் கொடுக்காதீர்கள், ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். எந்த ப்ராஜெக்ட், எந்த ஊர், அங்கே என்ன தவறு செய்து எப்படித் திருத்தினீர்கள் என்று இருந்தால் அவரே எழுதுவார். கல்லூரி மெயில் முகவரி அவருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஜிமெயிலை ஏற்காத இடங்கள் உண்டு.

அப்புறம் நம் தமிழ்நாட்டுத் தலைவலி ஒன்று: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘கே’ என்று ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் இன்னொரு மாதிரி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகும். ‘முதல் பெயர் தெரியாது’ என்று அர்த்தம். அங்கே போய் பேங்க்கில், டிரைவிங் லைசென்ஸில் எல்லாம் அந்தப் பெயரே உங்களைக் கூப்பிடும். விண்ணப்பம் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிடுங்கள்.

ஏஜென்சிகள் பற்றி: பெயர் சொல்ல மாட்டேன். ஜியாலஜி என்று போய் உட்கார்ந்த பிள்ளையை ‘பிசினஸ் அனலிடிக்ஸ் போங்க, உடனே சீட்டு’ என்று திருப்பிவிட்ட கதை எனக்கு இரண்டு மூன்று தெரியும். பணம் கட்டிப் படிக்கும் கோர்ஸில் ஆள் சேர்த்தால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கும் ஆய்வு இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? அதனால்தான் அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

அமெரிக்கா மட்டும்தான் என்றில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. 1765இல் தொடங்கிய ஃப்ரைபெர்க் சுரங்கப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று இல்லாமல் விசா நகராது, ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவையும் முடக்கக் கணக்கில், அதாவது முன்பே போட்டுவைத்து மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், காட்ட வேண்டும். தண்ணீர் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் லிஸ்பன், டெல்ஃப்ட், ட்ரெஸ்டன் மூன்று ஊரிலும் மாறி மாறிப் படிக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்து நிலத்தடி நீர்ப் படிப்பைத் தேடிப் பாருங்கள். பட்டியலினக் குடும்பத்துப் பிள்ளைகள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையை விட்டுவிடக் கூடாது.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையை நோட்டிலிருந்தே தொடங்கச் சொன்னேன். ‘என் அப்பா போர் போடுகிறவர்’ என்பதுதான் புதிய முதல் வரி. பதினொரு மெயில் போனது, மூன்று பதில் வந்தது. அதில் ஒருவர் வீடியோவில் பேச வேண்டும் என்றார். நம் நேரம் இரவு ஒன்பதரை. அவன் வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் என் வீட்டு ஹாலில் உட்கார வைத்தேன். துணைக்கு வந்த அப்பா திண்ணையில் இருந்தார். கரி எத்தனை அடியில் வந்தது, கிழக்கே போகப் போக ஆழம் கூடுகிறதா என்று பேராசிரியர் கேட்டார். தம்பி பதற்றத்தில் ஒரு போரின் ஆழத்தை மாற்றிச் சொல்லிவிட்டான். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஊர்ப் பெயரும் ‘ஃபீட்’டும் அப்பா காதில் விழுந்திருக்கிறது. வெளியிலிருந்து சத்தம் வந்தது: ‘டேய், அது இருநூத்தி அறுபது இல்லடா, முந்நூத்திப் பத்து. அன்னிக்கு பிட்டு உடைஞ்சுதே, மறந்துட்டியா?’

யார் அது என்று பேராசிரியர் கேட்டார். தம்பி லேப்டாப்பை அப்படியே திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.